மற்றச் சைக்கிள்

இன்டர்லாக்கன்
தை 21, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கிறகோரி எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நானும் டயனாவும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதாவிட்டால் நோ கூடிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். உங்களுக்கு முதல் இதை வாசிக்கிற மடத்து மதருக்கும் என் வணக்கம். மதர், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் குசினியில் முட்டை அடித்து அடித்துக் கை இப்படி ஆகிவிட்டது.

அக்கா, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மருமகள் றோஷினி யாரையோ விரும்புகிறாள்.

வாய் திறந்து இன்னும் சொல்லவில்லை. பெற்றவனுக்குத் தெரியாதா? முந்தியெல்லாம் வின்டர்தூரில் நேர்ஸ் வேலை செய்துவிட்டு லீவு நாளில் வீட்டுக்கு வந்தால் போனும் கையுமாகத்தான் இருப்பாள். இப்போது போனை வாசலடியில் வைத்துவிட்டு ஜன்னலோரம் சும்மா இருக்கிறாள். இரண்டாம் தரம் கூப்பிட்டால்தான் கேட்கிறது. தோட்டைக் கழற்றிவிட்டாள். நத்தார் பண்டிகைக்கு நான் வாங்கிக் கொடுத்த சங்கிலியைத் தன்னோடு வேலை செய்கிற ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாளாம். விடிய எழும்பி எங்கேயோ நடந்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக வருகிறாள். இறைச்சி வேண்டாம் என்கிறாள். டயனா அதைப் பிடித்துக்கொண்டு, "பெடியன் சைவக்காரன் போல கிடக்கு" என்று முடிவே கட்டிவிட்டாள்.

இப்போது புதிதாக ஒன்று. வருகிற ஆனி மாதம் நானும் அவளும் மூன்று நாள் சைக்கிளில் போகவேண்டுமாம். முதலில் ஒரு சதுப்பு வெளி, பிறகு ஏரிக்கரைக் கிராமங்கள். தாய்க்குச் சைக்கிள் ஓடத் தெரியாது, அதனால் அப்பா மட்டும் போதுமாம். இருபத்தேழு வருஷமாக இந்த நாட்டில் குசினிக் கதவால் மலையைப் பார்த்தவனைச் சும்மா கூட்டிக்கொண்டு போவாளா? அங்கே வைத்துத்தான் சொல்லப்போகிறாள்.

எங்களுக்கு இருப்பது அவள் ஒருத்தி. அவள் கட்டிப் போவதைப் பற்றிக்கூட எனக்குப் பயமில்லை. என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. நான் கத்தி, அவள் கோபித்து, வீட்டுப் பக்கம் வராமலே விட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்? அதை நினைத்தால் நித்திரை வருவதில்லை. உங்களுக்கும் கடிதம் எழுதுகிறாளாமே. ஏதாவது சொன்னாளா?

முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள். செபத்தில் எங்களை விட்டுவிடாதீர்கள்.

தம்பி
கிறகோரி


யாழ்ப்பாணம்
மாசி 8, 2024

யேசுவில் அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தர் உன்னையும் டயனாவையும் பிள்ளையையும் காப்பாராக. முழங்கால் என்னோடுதான் இருக்கிறது, கோபித்துக்கொண்டு போகவில்லை. முட்டைக் கதையை வாசித்து மதர் சிரித்தா.

றோஷினி எனக்கு எழுதுவது உண்மை. என்ன எழுதுகிறாள் என்பது அவளுடைய சொத்து. என்னைக் கிண்டாதே. எனக்குப் பொய் சொல்ல உத்தரவு இல்லை, உண்மையைச் சொல்ல அவள் உத்தரவு தரவில்லை.

பயணம் போய் வா. அவள் கேட்பதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொல்லு. போய்வந்து எனக்கு எல்லாவற்றையும் எழுது. முப்பத்தெட்டு வருஷமாக இந்த மதிலுக்கு உள்ளேதான் இருக்கிறேன் என்றாலும், வெளியே கடவுள் என்னென்ன செய்து வைத்திருக்கிறார் என்று கேட்க எனக்கு ஆசைதான். அதற்குத் தடை இல்லை.

வருகிற புதன் விபூதிப் புதன். உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் எங்களுக்குக் கடிதமும் நோன்பு என்று உனக்குத் தெரியும். நான் எழுதவில்லை என்று மூஞ்சையை நீட்டாதே.

செபத்துடன்,
அக்கா பெர்னடெற்


இன்டர்லாக்கன்
சித்திரை 9, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்பு விழா வாழ்த்துகள். இங்கே எல்லோரும் நலம், என் தொடையைத் தவிர. பழைய சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஏரிக்கரையால் ஓடிப் பழகுகிறேன். மின்சாரச் சைக்கிள் எடுப்போமா என்று மகள் கேட்டாள். பட்டறி போட்டு ஓடுவதற்கு நான் என்ன பொம்மையா? யாழ்ப்பாணத்தானுக்குச் சைக்கிள் ஓடச் சொல்லித்தரப் பார்க்கிறாள்.

அக்கா, ஒரு முடிவு எடுத்துவிட்டேன். என்னோடு குசினியில் நிற்கிற யோகராஜாவைப் பற்றி முந்தி எழுதினேனே. மகள் விரும்பியவனைக் கட்டப்போகிறாள் என்றதும் தாம்தூம் என்று குதித்தவர். இப்போது பேரப்பிள்ளையின் படத்தை ஊரார் போனில் பார்த்துவிட்டு, வெங்காயம் இல்லாமலே கண்ணைத் துடைக்கிறார். எனக்கு அந்த நிலை வேண்டாம்.

ஆகையால் பெடியன் சைவம் என்றாலும் சரி, வெள்ளை என்றாலும் சரி, அல்லேலூயாக்காரன் என்றாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சரி. பயணத்தின் முதல் நாள் ஐன்சீடல்ன் கோயிலுக்குப் போகிறோம். அந்தக் கறுப்பு மாதாவுக்கு முன்னால் மகளுக்குச் சத்தியம் செய்துகொடுக்கப் போகிறேன். பிறகு என் வாய் நினைத்தாலும் கத்த முடியாது. எப்படி என் மூளை?

மதருக்கு வணக்கம். பதில் எழுதுங்கள்.

தம்பி
கிறகோரி


யாழ்ப்பாணம்
வைகாசி 2, 2024

யேசுவில் அன்புள்ள தம்பிக்கு,

சமாதானம் உன்னோடு இருப்பதாக. இங்கே வெயில் கொளுத்துகிறது. எங்கள் மாமரம் இந்த வருஷம் ஏமாற்றவில்லை.

உன் மூளையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். சத்தியம் செய்ய இப்போது என்ன அவசரம்? முதலில் பிள்ளை சொல்வதைக் கேள், பிறகு யோசி, பிறகு வாக்குக் கொடு. இந்த ஒழுங்கை மாற்றாதே தம்பி. இதற்குமேல் எழுதினால் நான் வேறு ஒருத்திக்குக் கொடுத்த வாக்கை மீறியவளாவேன்.

தொடைக்கு வேப்பெண்ணெய் போடு. மலையிறக்கத்தில் முன் பிறேக்கைப் பிடிக்காதே.

செபத்துடன்,
அக்கா


கெர்சாவ்
ஆனி 13, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்கவேண்டும். இதை ஏரிக்கரையில் ஒரு விடுதியின் மாடியில் இருந்து எழுதுகிறேன். மகள் குளிக்கப் போய்விட்டாள். என்னால் பொறுக்க முடியவில்லை, எல்லாவற்றையும் இப்போதே சொல்லவேண்டும்.

முதலில் சத்தியம். நீங்கள் வேண்டாம் என்றீர்கள், நான் செய்துவிட்டேன். கோயிலுக்குள்ளே கறுப்புச் சலவைக்கல்லில் ஒரு சின்னக் கோயில். அதற்குள்ளே மாதா, பட்டு உடுத்துக் கறுத்த முகத்தோடு, எங்கள் பெண்டுகளில் ஒருத்தி போலவே நிற்கிறா. முன்னால் மெழுகுதிரி ஏற்றியவர்களில் பாதிப் பேர் தமிழர். மகளின் கையைப் பிடித்து, "நீ ஆரைத் தெரிஞ்சாலும் நான் மறுக்கமாட்டன் பிள்ளை. மாதா சாட்சி" என்றேன். அவள் அப்படியே என் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டாள். "அவசரப்படாதேங்கோ அப்பா" என்றாள். சந்தோஷம்தான், வேறென்ன?

இனி நிலத்தைக் கேளுங்கள். றோத்தன்தூர்ம் என்ற ஊரில் படுத்து, விடியப் புறப்பட்டோம். மூடுபனி. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. ஆனி மாதத்தில் என்ன பனி என்று பார்த்தால், அது பஞ்சு. புல்லின் நுனியில் பஞ்சு பூத்திருக்கிறது அக்கா, இலவம் காய் வெடித்ததுபோல, வயல் வயலாக. இடையில் கறுப்புத் தண்ணீர். அசைவே இல்லை. ஒரு குருவி எங்கேயோ இருந்து ஒரே சத்தத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. நான் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். இறங்கவேண்டும் போல இருந்தது.

மகள் பாதையில் நின்று ஒரு தரம் துள்ளினாள். தள்ளி நின்ற என் காலுக்குக் கீழே நிலம் ஆடியது. மெய்யாகத்தான் சொல்கிறேன். அது மண் இல்லையாம், பாசி. ஆயிரக்கணக்கான வருஷத்துப் பாசி தண்ணீரில் ஊறி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. வருஷத்துக்கு ஒரு நகத்தின் தடிப்பளவு வளர்ந்தாலே பெரிய காரியமாம். நான் நின்ற இடத்துக்குக் கீழே யேசுநாதர் பிறந்த காலத்துப் பாசி கிடக்கும் என்றாள். சப்பாத்தைக் கழற்றலாமா என்றுகூட யோசித்தேன்.

இன்னொன்றும் சொன்னாள். அந்த வெளியில் ஒரு காலத்தில் ஆமி பயிற்சி முகாம் கட்ட இருந்ததாம். நாடு முழுக்கச் சனம் வோட்டுப் போட்டு மறித்துவிட்டதாம். வீடு கட்டவோ தோட்டம் செய்யவோ இல்லை அக்கா. பாசிக்கும் பஞ்சுப் புல்லுக்கும் குருவிக்கும் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஆமியிடம் இருந்து நிலத்தை வாங்கிப் புல்லுக்குக் கொடுத்த சனத்தை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. எங்கள் ஊரில், சரி, விடுவோம், மதர் வாசிக்கிறா.

"இதால ஆருக்கு என்ன பிரயோசனம்?" என்று மகளிடம் கேட்டேன். பகிடிக்குத்தான் கேட்டேன். அவள் பகிடியாக எடுக்கவில்லை. "சும்மா கிடக்கிற மாதிரித்தான் அப்பா தெரியும். பெய்யிற மழையை எல்லாம் இதுதான் குடிச்சு வைச்சிருக்கு. இது இல்லாட்டி கீழ இருக்கிற ஊருக்குள்ள வெள்ளம் வந்திடும். அங்க இருக்கிற சனத்துக்கு அது தெரியவும் தெரியாது" என்றாள். பிறகு சம்பந்தமே இல்லாமல், "மாமி மடத்துக்குப் போன அண்டைக்கு வீட்டில என்ன நடந்தது?" என்று கேட்டாள். இதென்ன கேள்வி? "என்ன நடக்கும், சாப்பிட்டுப் படுத்தம்" என்றேன். அவள் சைக்கிளில் ஏறிவிட்டாள். ஏன் கேட்டாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அங்கிருந்து ஒரே இறக்கம். முன் பிறேக்கைப் பிடிக்கவில்லை. புறுன்னனில் ஏரி. மலைகள் காலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நிற்கின்றன. கடலைப் பார்த்து வளர்ந்தவன் நான், ஆனால் நாலு பக்கமும் வானமளவு சுவர் எழுப்பிய கடலை எங்கே கண்டேன்? கையில் அள்ளி நக்கிப் பார்த்தேன். உப்பில்லை. இறங்குதுறையில் வாட்டசாட்டமான ஒரு பெடியன் எங்களை நோக்கிச் சிரித்துக்கொண்டு வந்தான். சரி, இவன்தான் என்று நான் சேர்ட்டை இழுத்துவிட்டு, கை கொடுக்க ஆயத்தமாக நின்றேன். கழிவறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனான்.

கரையோடு ஒட்டிய றோட்டால் இந்தக் கெர்சாவுக்கு வந்து சேர்ந்தோம். எங்கள் குருநகரில் பாதியும் வராது, ஒரு காலத்தில் இது தனி நாடாக இருந்ததாம். ஒவ்வொரு வளைவிலும் மகள் திரும்பி நான் வருகிறேனா என்று பார்ப்பாள். சின்னதில் நான் அவளைப் பார்த்த மாதிரி. நாளைக்குக் கடைசி நாள். நாளைக்குச் சொல்வாள். நான் தயார்.

இத்தனையையும் படைத்தவருக்குத் தோத்திரம். மற்றச் சகோதரிகளுக்கும் இந்தப் பஞ்சை வாசித்துக் காட்டுங்கள்.

தம்பி
கிறகோரி


இன்டர்லாக்கன்
ஆனி 20, 2024

சிஸ்டர் பெர்னடெற் அவர்களுக்கு,

உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பெடியன் என்று ஒருவன் இல்லை. என் பிள்ளை உங்களைப் போல அடைத்த மடத்துக்குப் போகப் போகிறாளாம். நான் இறங்குதுறை இறங்குதுறையாக மருமகனைத் தேடித் திரிந்தேன். நீங்கள் வேப்பெண்ணெய் பூசச் சொல்லி எழுதிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

எங்கள் வீட்டில் இருந்து ஒருத்தியைக் கொடுத்தது போதாதா? எனக்கு இருக்கிற ஒன்றையும் கேட்கவேண்டுமா?

இனி நான் எழுதமாட்டேன். மதர், இதையும் வாசியுங்கள்.

கிறகோரி


யாழ்ப்பாணம்
ஆடி 18, 2024

யேசுவில் அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகம் விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிப்பேன். நீ நலமா? டயனா சாப்பிடுகிறாளா?

எனக்குத் தெரியும்தான். போன வருஷம் ஐப்பசியில் இருந்து தெரியும். நான் அவளைக் கூப்பிடவில்லை. வேண்டாம் என்பதற்கு என்னென்ன காரணம் உண்டோ அத்தனையையும் எழுதினேன். குளிர், பசி, கோபக்காரச் சகோதரிகள், ஒன்றையும் விடவில்லை. அவள் எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மாமி, நீங்கள் உள்ளே போன பிறகு வீட்டில் என்ன நடந்தது? அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அது நடக்குமோ என்றுதான் பயமாக இருக்கிறது."

தம்பி, அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கதவு சாத்தியபோது நான் உள்ளே நின்றேன். வெளியே நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவும் ஐயாவும் பார்க்க வந்தபோதெல்லாம் நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு இருந்தார்கள். "அப்பாவிடம் கேள், அவருக்குத்தான் தெரியும்" என்று எழுதினேன். அந்தச் சைக்கிள் பயணம் அதற்காகத்தான். நீ சாப்பிட்டுப் படுத்தோம் என்று சொல்லியிருக்கிறாய்.

என்மேல் கோபி. அவளோடு கோபிக்காதே.

செபத்துடன்,
அக்கா


யாழ்ப்பாணம்
புரட்டாதி 29, 2024

யேசுவில் அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? நாங்கள் சுகம். முழங்கால் இப்போது மழையை ஒரு நாள் முன்னதாகவே சொல்கிறது, வானொலி தேவையில்லை. நீ எழுதிய பஞ்சுப் புல்லை மதர் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் வாசித்தா. கரண்டிச் சத்தம் கூட இல்லை. வயதான ஒரு சகோதரி இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னா.

பதில் வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன். திருவருகைக் காலம் தொடங்கினால் பிறகு எழுத முடியாது. குளிர் உடுப்பைப் போட்டுக்கொள்.

செபத்துடன்,
அக்கா


இன்டர்லாக்கன்
தை 12, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். நாங்கள் சுகம். நீங்களும் மதரும் அந்த வயதான சகோதரியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எழுதமாட்டேன் என்றேன், எழுதுகிறேன். என் வாயைத்தான் உங்களுக்குத் தெரியுமே.

கடைசி நாள் நடந்ததைச் சொல்கிறேன். விட்ஸ்னாவ் என்ற ஊரில் தண்ணீரோரம் ஒரு மர வாங்கில் இருந்து பாண் சாப்பிட்டோம். "சரி பிள்ளை, ஆள் எங்கை?" என்று நான்தான் கேட்டேன். சொன்னாள். எந்த மடம், எப்போது, எல்லாம் சொன்னாள். சதுப்பு வெளிக்கு அந்தப் பக்கம் மலையோரம் இருக்கிற ஒரு சின்ன மடம். நான் கத்தவில்லை அக்கா. கத்தியிருந்தால் நல்லது. "நான் மாதாவுக்கு முன்னால சத்தியம் செய்திட்டன், இனி என்ன, உன்ரை வேலை முடிஞ்சுது" என்றேன். அதற்கு அவள் சொன்னதுதான் இத்தனை மாதமும் என்னைத் தின்றது.

"இல்லை அப்பா. அந்தச் சத்தியம் வேற ஆருக்கோ செய்தது. நான் அதைப் பிடிச்சு வைக்கமாட்டன். நீங்களா மனம் வைச்சு அனுப்பாமல் நான் போகமாட்டன்."

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியே ஸ்ரேசனுக்குப் போய் றெயின் ஏறிவிட்டேன். பிள்ளையை வாங்கிலேயே விட்டுவிட்டு வந்தேன். நான் மறந்துவிட்டு வந்த ஹெல்மெற்றை அடுத்த நாள் கொண்டுவந்து கொழுவிவிட்டு, தேத்தண்ணி போட்டுத் தந்தாள்.

பிறகும் வழக்கம்போல வந்து போனாள். அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. சத்தியம் என்னைக் கட்டியிருந்தால் மாதாவோடு சண்டை பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். அவள் அவிழ்த்து விட்டுவிட்டாளே. போ என்று சொல்லவும் நான்தான், நில் என்று சொல்லவும் நான்தான். டயனா ஒரு நாள், "அவள் எங்களுக்காண்டி நிண்டால், நிண்டுகொண்டே இல்லாமல் போயிடுவாளப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கார்த்திகையில் ஒரு லீவு நாள் தனியே றெயின் எடுத்து அந்தச் சதுப்பு வெளிக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். பஞ்சு இல்லை, புல் சிவந்து கிடந்தது. சரியான மழை. ஒரு பழைய மரக்கொட்டிலின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றேன். அவ்வளவு மழை அக்கா, எங்கள் ஊரென்றால் முற்றத்தால் ஆறு ஓடும். அங்கே ஒரு சத்தமும் இல்லை. பெய்யப் பெய்ய நிலம் வாங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்து ஓடை கூட நிறம் மாறவில்லை. கீழே ஊர்களில் சனம் கடைக்குப் போய் வந்துகொண்டிருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்துகொண்டிருக்கும். ஒருவருக்கும் தெரியாது. அந்த இடத்தில்தான் எனக்கு நீங்கள் அங்கே இருந்து என்ன செய்கிறீர்கள் என்று முதல்முதலாக விளங்கியது. எனக்கு ஐம்பத்துமூன்று வயது.

கொட்டிலில் நின்றபடியே மகளுக்குப் போன் எடுத்தேன். வேலையில் நின்றாள். "போறதெண்டால் போ பிள்ளை. நானே கூட்டிக்கொண்டு போய் விடுறன். சத்தியத்தாலை இல்லை" என்றேன்.

வருகிற ஆனியில் போகிறாள். சைக்கிளில்தான் போகவேண்டுமாம், என்னோடு.

தம்பி
கிறகோரி


யாழ்ப்பாணம்
மாசி 6, 2025

யேசுவில் அன்புள்ள தம்பிக்கு,

சமாதானம். உன் கடிதத்தை மதர் வாசிக்காமலே என்னிடம் தந்துவிட்டா. உறையின் பின்பக்கத்தில் உன் பெயரைக் கண்டதே போதும் என்றா. நான் கோயிலில் வைத்து வாசித்தேன். மற்றதெல்லாம் எழுதப் போனால் கடதாசி நனைந்துவிடும்.

நீ விளங்கிக்கொண்டாய் என்று எழுதியிருக்கிறாய். எனக்கே சில நாள்தான் விளங்குகிறது. மற்ற நாளெல்லாம் முழங்கால்தான் விளங்குகிறது.

ஆனால் பிள்ளையின் கேள்வி இன்னும் நிற்கிறது. அது என் கேள்வியும்தான். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறில் என் சைக்கிளை மடத்து வாசலில் மதிலோடு சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனேன். அது என்ன ஆனது? மேல்மாடி ஜன்னலால் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். எனக்குக் கிடைத்த ஜன்னல் தோட்டத்துப் பக்கம். பிறகு ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவளைக் கொண்டுபோய் விட்ட பிறகு எழுது. அவசரமில்லை.

செபத்துடன்,
அக்கா


இன்டர்லாக்கன்
ஆனி 22, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் டயனாவும் சுகமாக இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம். உங்கள் சுகத்துக்கு மன்றாடுகிறோம்.

போன சனிக்கிழமை பிள்ளையைக் கொண்டுபோய் விட்டோம். டயனா சேலை உடுத்து றெயினிலும் பஸ்ஸிலும் வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் சதுப்பு வெளியால் சைக்கிளில் போனோம். பஞ்சு மறுபடி பூத்திருந்தது. பிள்ளை அன்றைக்குப் போலவே ஒரு தரம் துள்ளிக் காட்டினாள். நிலம் ஆடியது. இந்த முறை நானும் துள்ளினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வழியில் இறங்கி நின்று அவள் கேள்விக்குப் பதில் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

அன்றைக்கு ஒருவரும் அழவில்லை. ஐயா என்னிடம், "போய்ச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வா" என்றார். நான் அவருடைய சைக்கிளில் வந்தேன். உங்களுடையது மதிலில் சாய்ந்து நின்றது. ஒன்றை ஓடிக்கொண்டு, மற்றதை ஹாண்டிலில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எட்டுக் கட்டை தூரமும் வந்தேன். வீட்டில் அம்மா உங்கள் சாப்பாட்டுக் கோப்பையிலும் சோறு போட்டா. எடுக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. பிறகு சைக்கிளை உள் அறையில் வைத்துச் சீலையால் மூடினா. பள்ளிக்கூடத்துக்கு அதை ஓடிக்கொண்டு போகிறேன் என்று கேட்டேன். "அவள் வந்தால் கேட்பாள்" என்றா. வரமாட்டீர்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். ரயர் வெடித்தது, செயின் இறுகியது, ஒருவரையும் தொடவிடவில்லை. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பிச் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது அம்மா அதைத் தள்ளிக்கொண்டு வந்தா. சில்லு உருளவில்லை. நாவற்குழிப் பாலத்தடியில், மழைக்குள்ளே, நான்தான் அம்மாவின் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். உங்கள் சைக்கிள் அங்கேதான் நின்றது அக்கா.

கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை என் கையை விடவே இல்லை. "அம்மாவை அப்பிடி விட்டிடாதேங்கோ அப்பா" என்றாள். நான் தலையாட்டினேன்.

மடத்து வாசலில் அவளும் சைக்கிளை மதிலோடு சாய்த்து வைத்தாள். டயனா நெற்றியில் சிலுவை போட்டாள். கதவு திறந்தது, சாத்தியது. சத்தம் கூடப் பெரிதாக இல்லை. டயனாவை மடத்துக்காரர் காரில் ஸ்ரேசனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் ஒன்றில் ஏறி மற்றதைக் கையில் பிடித்தேன். நாற்பது வருஷம் ஆகப்போகிறது, கை மறக்கவில்லை. சதுப்பு வெளியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, அப்படி ஓடக்கூடாது என்று சத்தம் போட்டா. ஓம் ஓம் என்றுவிட்டு ஓடினேன். கல்லில் ஏறும்போதெல்லாம் பிள்ளையின் சைக்கிள் பெல் தானாக அடித்தது. அதைக் கேட்டுக்கொண்டு அழுதபடி வந்தேன். அழுதேன்தான், ஆனால் அந்த வெளியின் வடிவு ஒரு துளியும் குறையவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

வீட்டுக்கு வந்து சைக்கிளை நிலவறையில் வைக்கப் போனேன். டயனா முன்னால் வந்து நின்றாள்.

"மூடி வைக்கவேண்டாம். எனக்கு ஓடப் பழக்குங்கோ."

ஐம்பது வயதில் அக்கா! புரட்டாதியில் பிள்ளையைப் பார்க்க விடுவார்களாம். அந்த வெளியால் தானும் சைக்கிளில் போகவேண்டுமாம். ஹோட்டலுக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடத்தில் ஒவ்வொரு பின்னேரமும் சைக்கிள் சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறேன். யோகராஜா குசினிக் கதவில் நின்று சிரிக்கிறார். இரண்டு தரம் விழுந்தாள், என்னைத்தான் ஏசினாள். நேராகப் பார், பெல்லை விடு, மிதி என்று கத்திக்கொண்டே ஓடுகிறேன்.

நேற்று, அவளுக்குச் சொல்லாமல் கையை எடுத்துவிட்டேன். நான் பின்னால் வருகிறேன் என்று நினைத்து, பிள்ளைக்கு என்ன கொண்டுபோகலாம் என்று கதைத்துக்கொண்டே எதிர்ப்பக்க மதில் வரைக்கும் தனியே ஓடிவிட்டாள்.

முழங்காலைக் கவனியுங்கள். எங்கள் மூன்று பேருக்காகவும் செபியுங்கள்.

தம்பி
கிறகோரி